சாம்பல் போட்ட அசேலியா

காலையில பனி விலகினதும் பார்த்தா, வாசல் அசேலியாப் பூச்செடியோட இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. பச்சைப் பேனையால யாரோ கோடு கோடா இழுத்துவிட்ட மாதிரி.

"அடுப்புச் சாம்பல்தானே போட்டேன், மரக்கறிக்கு நல்லதுன்னா இதுக்கும் நல்லதுதானே?" அம்மா.

அங்கதான் பிசகு. சாம்பல் மண்ணோட புளிப்பை முறிச்சிடும். இதுக்குத் தேயிலைக்குப் பிடிச்ச அதே புளிப்பு மண்ணுதான் வேணும், பிஎச்னு சொல்ற புளிப்பு அளவு 4.5இல் இருந்து 6க்குள்ள. அதைத் தாண்டினா புளிப்பு குறைஞ்சு, மண்ணுல இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது, இலை இப்படி மஞ்சளாகிடும்.

சாம்பலை வழிச்செடுத்துட்டு, தேயிலைத் தூரடி மண் ரெண்டு கூடை போட்டேன். கொத்தல. வேர் தலைமயிர் மாதிரி மேலாலேயே ஓடும். மேல மானாப்புல் மூடாக்கு.

கவ்வாத்து, அதாவது கிளை வெட்டுறது, பூ முடிஞ்ச கையோட. பிந்தினா அடுத்த வருஷ மொட்டும் சேர்ந்து போயிடும்.

ஹோட்டன் சமவெளியில, 2,000 மீற்றருக்கு மேல, இதோட உறவுக்காரன் மகா ரத்மல் மரமாவே நின்னு சிவப்பாப் பூக்குது. அதுக்கு யாரு உரம் போட்டா? தேயிலை மண் தேயிலைக்கு மட்டும்தான்னு நினைச்சே பழகிட்டோம் நாங்க.

அம்மா இப்ப சாம்பல் வாளியோட லீக்ஸ் பாத்திப் பக்கம் போறாங்க.