சிலந்தி எழுதிய பன்றி

ஈ. பி. ஒயிட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' சிறுவர் நாவலை இந்த வாரம் மீண்டும் வாசித்தேன். கிறிஸ்துமஸுக்குள் இறைச்சியாகிவிடக் காத்திருக்கும் வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் காப்பாற்ற, தொழுவ வாசலில் வாழும் சார்லட் என்ற சிலந்தி அவனைப் புகழும் சொற்களைத் தன் வலையில் பின்னுகிறது. அன்றுவரை ஊரார் பொருட்படுத்தாத பன்றியைப் பார்க்க ஊரே திரள்கிறது. அதிசயம் சிலந்திதானே என்று பண்ணைக்காரரின் மனைவி கேட்பதோ அவர் காதில் ஏறுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, அச்சொற்கள் வந்துசேரும் வழி. டெம்பிள்டன் என்ற எலி (உதவிக்குக் கூலி கேட்கும் ஆசாமி) குப்பைமேட்டிலிருந்து விளம்பரத் துண்டுகளைப் பொறுக்கி வருகிறது. 'மொறுமொறு' என்ற சொல், பண்ணைக்காரருக்குப் பன்றிக்கறியை நினைவூட்டிவிடும் என்பதால் தள்ளுபடியாகிறது. சோப்புத்தூள் அட்டையில் கிடைத்த 'பிரகாசம்' பொருந்துமா என்று பார்க்க, வில்பரை ஓடவும் குட்டிக்கரணம் போடவும் சொல்லி, முழுத் திருப்தி இல்லாமலேயே சார்லட் அதை எழுதிவிடுகிறது. "நான் அப்படியெல்லாம் இல்லையே" என்று முன்பொரு சொல்லுக்குக் கூசிய வில்பர், இப்போது தலையைச் சற்றே திருப்பி, நீண்ட இமைகளைச் சிமிட்டி, தன்னால் இயன்றவரை ஒளிர முயல்கிறான். புகழ் இவ்வளவு வந்தும் அவனுக்குத் தலைக்கனம் ஏறவில்லை. ஆகவே கண்காட்சியில் எழுதப்படும் கடைசிச் சொல்லான 'பணிவு'க்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை.