தட்டு காலியாகத் திரும்பிய கிறிஸ்மஸ்

அச்சு முறுக்கு சுட அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காயாத அச்சை மாவில் முக்கினால் மாவு பிடிக்காது. முழுக்க முக்கிவிட்டால் எண்ணெயில் கழலாது. முக்கால் அளவு முக்கி, சர்ரென்று சத்தம் வர இறக்கி, கம்பியை லேசாகத் தட்டினால் முறுக்கு பூப்போலப் பிரிந்து மிதக்கும். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், விறகடுப்புக்கு முன்னால் அத்தையோடு உட்கார்ந்து இப்படிச் சுட்டு நாலு வருஷம் ஆயிற்று. நாலு கிறிஸ்மஸும் ஜெர்மனியில், ஹாலே நகரத்தில் போயின. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இந்த வருஷம்தான் டிசம்பரில் லீவு கிடைத்தது.

"அங்கேருந்துதானே நமக்கு வேதமே வந்துச்சு. கிறிஸ்மஸ் அங்க எப்புடிடி இருக்கும்?" என்று அத்தை கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னேன்.

ஹாலேயில் வேலை என்று உறுதியானபோது எங்கள் சபை ஐயர் வீடு தேடி வந்து ஜெபம் பண்ணினார். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் படித்த ஊர் அது. 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகளை அங்கேதான் வார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி வந்தது. ஹாலேயில் அவர் படித்த காலத்துக் கட்டடங்களில் இன்றைக்கும் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் கிறிஸ்மஸ் என்றால் ஊர் முழுக்கக் கோயிலில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே டிசம்பரில் காலை எட்டு மணிக்கு மேல்தான் விடியும். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திரம் தொங்கியது. ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்பார்கள், 25 முனை. மூங்கில் பிளாச்சில் கலர்த்தாள் ஒட்டி அப்பா கட்டுகிற நட்சத்திரம் நினைவுக்கு வந்து தெருவிலேயே அழுதுவிட்டேன். மறுநாள் வார்டில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம், "நீங்க கிறிஸ்மஸுக்கு எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" என்று கேட்டேன். "கோயிலுக்கா? நாங்க சாமி நம்புறவங்க இல்லையே. நட்சத்திரம் இருட்டுக்காக வைக்கிறது" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. ஊர் நிலவரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பிறகு விவரம் தெரிந்தது. 1949 முதல் 1990 வரை அது கிழக்கு ஜெர்மனி. அரசாங்கத்துக்குக் கோயில் பிடிக்காது. கோயில் வாசனையே இல்லாமல் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்த மாநிலத்தில் பெரும்பாலானவர்கள் எந்தச் சபையிலும் இல்லை. ஆனால் மரம் வைக்காத வீடு அபூர்வம். வாத்துக் கறி, சந்தைத் திடலில் கொதிக்கிற மசாலா ஒயின், சர்க்கரைப் பொடி தூவிய ஸ்டோலன் என்கிற ரொட்டி எல்லாம் உண்டு. துணியில் சுற்றிக் கிடத்திய குழந்தை இயேசுவின் சாயல்தான் அந்த ரொட்டி என்பார்கள். எனக்கு அதை வெட்டிக் கொடுத்த பெண்ணுக்கு அது தெரியாது. பண்டிகைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'வைநாக்டன்'. புனித இரவுகள் என்று அர்த்தம். அதில் கிறிஸ்துவின் பெயர் இல்லை.

எனக்கு நம் தெருதான் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர். மார்கழி பிறந்தால் இருட்டோடு எழுந்து கோலம் போடுவார். எங்கள் வாசலுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, "உங்க சாமி பொறந்தநாளுக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?" என்று கேட்பார். சந்துக்குள் இருக்கும் முஸ்லிம் லாத்தா, "ஈசா நபி பொறந்ததுக்குத்தான புள்ள இவ்வளவு பலகாரம்" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொள்வார். அவர்கள் வீட்டில் நட்சத்திரம் இல்லை, மரம் இல்லை, கேக்கும் நாம் கொடுத்தால்தான். ஆனால் யாருடைய பிறப்பு என்று தெரியாதவர் அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது. ஹாலேயில் எல்லாம் இருந்தது, பிறந்தவரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அந்த முதல் வருஷம் அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. இப்போதும் அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காத்திருக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த ஊர்தான். எங்கள் வார்டு மேஜையில் பச்சை இலை வளையம் ஒன்று வைப்பார்கள். அதில் நாலு மெழுகுவர்த்தி, ஆஸ்பத்திரி என்பதால் பேட்டரியில் எரிகிறவை. ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். 1839-ல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகள் விடுதி நடத்திய வீகர்ன் என்பவர் தொடங்கிய வழக்கம் இது. பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டாராம். நாமோ டிசம்பர் முதல் வாரத்திலேயே கேரல் பவனி, கிறிஸ்மஸ் தாத்தா ஆட்டம், மைக் செட் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுகிறோம். 25 விடிகாலை ஆராதனைக்கு வரும்போது தொண்டையும் இல்லை, மனசும் இல்லை. பிறந்தவரை மறப்பதற்கு நாமும் ஒரு வழி வைத்திருக்கிறோம்.

அங்கே 24-ம் தேதி மத்தியானத்தோடு கடை எல்லாம் அடைப்பு. தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. மேல்மாடியில் எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். முதல் வருஷம், ஊரிலிருந்து கொண்டுபோன அச்சில் முறுக்கு சுட்டு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலை என் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே தட்டு, பளிச்சென்று கழுவி, காலியாக. நம் பக்கம் பலகாரத் தட்டை யாரும் வெறுமனே திருப்ப மாட்டார்கள், ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அந்த வெறுந்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். சுத்தமாகக் கழுவித் தருவதே அவர்களுக்கு மரியாதை என்று தெரியப் பல மாதம் ஆனது.

அடுத்த வருஷம் கூச்சத்தை விட்டு, கோயிலுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். வந்தார். சந்தைத் திடல் கோயிலில் நிற்க இடமில்லை. வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களும் அன்று சாயங்காலம் ஒருமுறை வருவார்களாம். பிள்ளைகள் மாட்டுத்தொழுவ நாடகம் நடித்து முடித்ததும் ஆர்கன் எழும்பியது. எனக்குத் தெரிந்த ராகம். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் பிள்ளைகளுக்காக எழுதிய பிறப்புப் பாட்டு! 18-ஆம் நூற்றாண்டிலேயே ஃபாப்ரிசியஸ் ஐயர் போன்றவர்கள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த ராகங்களைப் பாடித்தான் நாங்கள் வளர்ந்தோம். வாய்க்குள் தமிழில் பாடினேன். பக்கத்தில் பாட்டி புத்தகத்தைத் திறக்காமலே அடுத்தடுத்த சரணங்களைப் பாடிக்கொண்டிருந்தார். "எனக்கு நம்பிக்கை கிடையாது. அம்மா சொல்லிக் கொடுத்தது" என்றார், வெளியே பனியில் என் கையைப் பிடித்து நடந்தபோது. வெறும் பழக்கம்தானே என்று அதற்குப் பிறகு எதையும் நான் சொல்வதில்லை.

26-ம் தேதியும் அங்கே பண்டிகை விடுமுறை, இரண்டாம் கிறிஸ்மஸ். விருந்துக்குப் போகிற நாள். நான் அன்றைக்கு மட்டும் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 11 வயது. அன்று காலை கடல் ஏறி வந்தது. எங்கள் பழைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தரங்கம்பாடியிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்தவர்களைப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் படுக்க வைத்தார்கள். அத்தை கிறிஸ்மஸ் புதுப்புடவையைக் கட்டியபடியே பலகார டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது கண்ணிலேயே இருக்கிறது. என் புதுப்பாவாடை வேறொரு பிள்ளைக்குப் போனது. எங்கள் ஊர்க் கோயிலின் பெயரே பெத்லகேம். சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்ட பிள்ளை என்று ஞாயிறு வகுப்பில் ஒப்பித்தது என்னவென்று எனக்கு அன்று ராத்திரி, வைக்கோல்மேல் வரிசையாகத் தூங்கிய பிள்ளைகளைப் பார்த்துத்தான் புரிந்தது. கிறிஸ்மஸ் எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த ராத்திரிதான் முன்னால் வந்து நிற்கும்.

இதைச் சொல்லும்போது அத்தை எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வருஷம் அந்தப் பாட்டிக்கு யாருடி கொண்டுபோய்க் குடுப்பா?" என்றார்.

நான் அதை யோசித்திருக்கவே இல்லை.

அத்தை எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து துடைத்தார். அடியில் தாள் விரித்து, ஆறிய முறுக்கில் உடையாதவையாகப் பொறுக்கி இருபத்தைந்து எண்ணி அடுக்கினார். நீ திரும்பிப் போகிறவரைக்கும் நமுக்காது என்றார். மூடியில் ஒட்டப் பேப்பர் கிழித்துக்கொண்டு பாட்டியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்து, தமிழிலேயே எழுதி ஒட்டினார்.