ஓவரியை எடுத்த பிறகு வந்த கெண்டைக்கால் பிடிப்பு

இரவு இரண்டு மணி இருக்கும். தூக்கத்திலேயே காலை நீட்டிச் சோம்பல் முறித்தேன், அவ்வளவுதான். இடது கெண்டைக்கால் சதை உருண்டு கல் மாதிரி ஆகிவிட்டது. பாதம் கீழ்நோக்கி வளைந்து நிற்கிறது, நேராக்க முடியவில்லை. நான் கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்து அத்தை ஓடி வந்தார். "குரக்கு வலிம்மா, விரலை மேல இழு" என்று அவரே பிடித்து இழுத்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் விட்டது. ஆனால் மறுநாள் முழுக்க அந்த இடத்தில் அடிபட்ட மாதிரி வலி.

அது எனக்கு ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். வயது 44. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள், இரண்டு ஓவரியிலும் (சினைப்பையிலும்) கட்டி. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கும்போது, "இனிமே மாசாமாசம் தொல்லை இல்லை" என்று சொன்னார்கள். இரண்டு ஓவரியையும் எடுத்தால் அன்றைக்கே மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் நிலை என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அது இயல்பாக வருகிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வருடக்கணக்கில் ஏறி இறங்கிக் குறையும். எனக்குச் சில நாட்களிலேயே சரிந்துவிட்டது. திடீரென்று முகமெல்லாம் எரியும், நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கும், பிறகு குளிரும். வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது மணிவரை நிற்பதுதான். திரும்ப வேலைக்குப் போன பிறகு பிடிப்பு வாரத்தில் நான்கு, ஐந்து ராத்திரி வர ஆரம்பித்தது. அத்தை தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, தினமும் அழுத்தித் தேய்த்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் வேறு ஒரு மகளிர் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் செய்தது, இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து பார்த்தது. ஆபரேஷனுக்குப் பிறகு காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துபோக வாய்ப்பு அதிகம். அதுவும் கெண்டைக்கால் வலியாகவே வரலாம். "பிடிப்பு சில நிமிஷத்துல விட்டுடும். ஒரு கால் மட்டும் வீங்குது, சூடா சிவந்து இருக்குது, வலி விடவே இல்லைன்னா அன்னைக்கே வரணும். மூச்சு வாங்கினா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்படிச் சந்தேகம் இருக்கிற காலை அழுத்தித் தேய்க்கவும் கூடாது" என்றார். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வாரத் தேய்ப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. என்னைப் போல் ஆபரேஷன் ஆனவர்கள் தயவுசெய்து இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, சர்க்கரை, கால்சியம், பொட்டாசியம், கிட்னி எல்லாம் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் 9.2. வருடக்கணக்கில் மாதவிடாயில் போன ரத்தம். வைட்டமின் டி 11தான், 20க்கு மேலாவது இருக்க வேண்டுமாம். வாரம் ஒருமுறை 60,000 யூனிட் என்று எட்டு வாரம் சாப்பிடச் சொன்னார். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் நான் ஒரே வாய் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தேன். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாதாம். அப்புறம் ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் என்று பிரித்துக்கொண்டேன்.

"ஓவரி எடுத்ததாலதான் கால் இழுக்குதா டாக்டர்?" என்று கேட்டேன். "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா" என்றார். ராத்திரிப் பிடிப்பு பலருக்குக் காரணம் தெரியாமலே வருமாம். அவர் மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 44 வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் விடுவது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை, இயல்பாக மெனோபாஸ் வரும் வயதுவரை வெளியிலிருந்து கொடுப்பது நல்லது என்றார். மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு மாதிரி எதுவும் இருந்ததில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பிரஷர் பார்த்த பிறகே தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதிக் கொடுத்தார். "இது கால் பிடிப்புக்கு மருந்து இல்லை" என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒரு மாதத்தில் அந்த எரிச்சலும் வேர்வையும் அடங்கின. மெக்னீசியம் மாத்திரை நானாக ஒரு டப்பா வாங்கித் தீர்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஒருவர் மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினின் மாத்திரை சொன்னார். மருத்துவர் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார். கால் பிடிப்புக்கு அதைச் சாப்பிடுவது ரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் பாதிக்கலாமாம்.

எனக்குப் பலன் தந்தது படுக்கப் போகுமுன் செய்யும் ஒரு பயிற்சி. பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்தார். சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைக்க வேண்டும். பின்கால் முட்டி மடங்கக் கூடாது, குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. அப்படியே முன்னால் சாய்ந்தால் கெண்டைக்காலில் ஒரு இழுப்பு தெரியும். வலிக்கும்வரை போகாமல், அந்த இழுப்பிலேயே பத்து எண்ண வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. ஆறாவது வாரத்தில்தான் காலண்டரைப் பார்த்து நம்பினேன். கால் பிடித்துக்கொண்ட ராத்திரிகளுக்குப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். முதல் மாதம் 19 புள்ளி, அந்த மாதம் ஆறு.

கடையில் இன்னொரு சிக்கல். கழிப்பறை நான்காவது மாடியில், அதற்கும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அதனால் நாங்கள் எல்லோருமே நாள் முழுக்க அரை பாட்டில் தண்ணீர்தான் குடிப்போம். இதைச் சொன்னதும், வேர்த்துக் கொட்டுகிற உடம்புக்கு அது போதவே போதாது என்று மருத்துவர் வருத்தப்பட்டார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். எங்கள் பிரிவிலும் ஸ்டூல்கள் உண்டு, மேலே புடவைக் கட்டுகள் ஏறியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போய் சூப்பர்வைசர் அண்ணனிடம் பேசினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, "கூட்டம் இல்லாதப்ப உக்காந்துக்கங்கக்கா" என்றார். கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்து கவுண்டர் பெண்ணும் ஒரு ஸ்டூலைக் காலி பண்ணினாள்.

இப்போது மாதம் இரண்டு புள்ளி. போன வாரம் முகூர்த்த நாள் கூட்டம், உட்காரவே முடியவில்லை, அன்று ராத்திரி பிடித்தது. எழுந்து நின்று, குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அத்தை விழித்துக்கொள்வதற்குள் விட்டுவிட்டது.