59,210 ரூபாய் சத்தம்

சத்தத்தை முதலில் கவனித்தது என் மனைவிதான். கீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்தோம். "என்னங்க, முன்னாடி யாரோ மிக்சியில பொட்டுக்கடலை அரைக்கிற மாதிரி இருக்கு" என்றாள். ரேடியோவை அணைத்துக் கேட்டேன். ஆமாம், கரகரவென்று ஒரு சத்தம். 2015-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி, 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதுவரை பேட்டரி, டயர் தவிரப் பெரிய செலவு வைத்ததில்லை.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டரில் விட்டேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. டைமிங் செயின் (இன்ஜினுக்குள்ளே வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் சங்கிலி) கிட் 21,600, டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) செட் 12,800, கேஸ்கெட் வகையறா 4,300, ஆயிலும் ஃபில்டரும் 3,400, லேபர் 14,500. பாகங்களின் எம்ஆர்பியில் வரி அடங்கிவிடும். லேபருக்கு மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆக மொத்தம் 59,210 ரூபாய். அன்றைக்கு அந்த வண்டியை விற்றாலே இரண்டு லட்சம் தேறுமா என்பது சந்தேகம்.

உடனே சரி என்று சொல்லிவிடத்தான் கை போனது. "செயின் அறுந்தா இன்ஜினே போயிடும் சார்" என்று அட்வைசர் போனில் சொன்ன ஒரு வாக்கியம் போதும், ராத்திரித் தூக்கம் போய்விடும். அதில் பொய்யும் இல்லை. செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். ஆனால் என் வண்டியில் செயின்தான் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

திங்கள்கிழமை நேரில் போய் அதைத்தான் கேட்டேன். முன்பக்க கவரைத் திறந்து பார்த்தீர்களா? இல்லை. ஸ்கேனரில் எரர் கோட் ஏதாவது வந்ததா? இல்லை. ஆயில் பிரஷர் பார்த்தீர்களா? இல்லை. "சத்தத்தை வெச்சே சொல்லிடலாம் சார், அனுபவம்."

"சரி, இவ்வளவும் மாத்தின பிறகு சத்தம் நிக்கலைன்னா லேபரைத் திருப்பித் தருவீங்களா? ஜாப் கார்டுல எழுதித் தாங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு மேனேஜர் அறையைப் பார்த்தார். மேனேஜர் வந்து தண்ணீர் கொடுத்தார், எழுத்து மட்டும் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்ஷன் சார்ஜ் 1,180 ரூபாய் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து, சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதினேன். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருவதே இல்லை. பத்து நிமிடம் ஓடி பானெட் சூடான பிறகுதான் வருகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடவே வேகமாகிறது. ஏசி போட்டதும் சத்தத்தின் குரலே மாறுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை எழுதும்போதுதான் எனக்கே பொறி தட்டியது. செயின் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் காலை ஸ்டார்ட்டில், ஆயில் மேலே ஏறும் வரை இரண்டு மூன்று விநாடி கடகடவென்று அடித்துவிட்டு அடங்கும். என் வண்டியில் எல்லாம் தலைகீழாக இருந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டை ஒட்டியே இருந்தது.

மறுநாள் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே என் அப்பாவின் அம்பாசிடர் காலத்திலிருந்து பழக்கமான ஒரு பாய் இருக்கிறார். எஸ்டிமேட்டை முதலில் காட்டவில்லை. தொகையைப் பார்த்தால் அவர் மனதிலும் செயின் புகுந்துவிடும். தாளில் எழுதியதை மட்டும் சொன்னேன்.

அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். இன்ஜின் ஓட ஓட, நுனியைச் செயின் கவரில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்டார். "நீங்களும் கேளுங்க தம்பி. துண்டு, சட்டை எதுவும் பெல்ட்டுப் பக்கம் போகாம பாத்துக்கோங்க." கேட்டேன். தையல் மெஷின் மாதிரி சீரான ஓட்டம். மேலே வால்வு கவரிலும் அப்படியே. பிறகு பெல்ட் டென்ஷனரின், அதாவது இன்ஜினுக்கு வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டை விறைப்பாகப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த புல்லியின், போல்ட்டில் வைத்தார். காதுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது!

"இதோட விடக்கூடாது" என்று இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். "தண்ணி பம்பும் இதே பெல்ட்டுலதான் சுத்துது, அரை நிமிஷத்துக்கு மேல ஓட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பேட்டரி விளக்கு எரிந்தது. சத்தம் அடியோடு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினுக்குள்ளே கோளாறு என்றால் வெளியே பெல்ட்டைக் கழற்றினால் எப்படி நிற்கும்?

அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றிப் பார்த்தோம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வழுவழுவென்று சுற்றியது. தண்ணீர் பம்பில் ஆட்டம் இல்லை. டென்ஷனர் புல்லியைச் சுற்றினால் விரலிலேயே கரகரப்பு தெரிந்தது. பேரிங்கில் கிரீஸ் காய்ந்து தவிட்டு நிறத்தில் பொடியாகக் கொட்டியது. அதன் பிறகுதான் எஸ்டிமேட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். "டேப்பெட் எதுக்கு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கம்பெனி டென்ஷனர் 2,350, பெல்ட் 1,100. வெறும் பேரிங்கை மட்டும் மாற்றினால் இன்னும் மலிவுதான். பாய் வேண்டாம் என்றார், ஸ்பிரிங்கும் அதே வயசு. கூலி 600. மொத்தம் 4,050 ரூபாய், ஒன்றரை மணி நேரம், இரண்டு டீ.

இது நடந்து நான்கு மாதம், 3,000 கிலோமீட்டர் ஆகிறது. சத்தம் திரும்பவில்லை. காலை ஸ்டார்ட்டின் முதல் சில விநாடிகளை மட்டும் இன்னும் கவனமாகக் கேட்கிறேன், செயினுக்கும் வயசாகிறதல்லவா. வண்டியைச் சரிசெய்த மூன்றாம் நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. லேபரில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம்.