சிங்கப்பூர் – நியூயார்க்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

29 அக்டோபர் 2025

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கி.மீ. இதைக் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். சாங்கி வடக்கு 1.36, கிழக்கு 103.99 பாகை, ஜேஎஃப்கே வடக்கு 40.64, மேற்கு 73.78. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 177.77. இங்கே கழித்துவிட்டால் கணக்கு மொத்தமும் போச்சு. கோள முக்கோணச் சூத்திரத்தில் போட்டால் இரண்டுக்கும் இடையே பூமியின் மையத்தில் அமையும் கோணம் 137.95 பாகை வரும், பாகைக்கு 111.195 கி.மீ. வீதம் 15,340. பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதால் மேலும் ஒரு பத்து கி.மீ. சேரும்.

இந்தக் கோடு வடதுருவத்துக்கு 280 கி.மீ. பக்கத்தில் போகிறது. விமானம் வழக்கமாக அப்படிப் போவதில்லை.

31 அக்டோபர்

177.77 என்பது கிட்டத்தட்ட பூமியின் அரைச் சுற்று. ஆகவே போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போகலாம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கேதான் வரலாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்றான ஜெட் ஸ்ட்ரீம் இரண்டு பக்கமும் முதுகில் தள்ளும். போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று. தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகும் என்பதுதான் கணக்கு.

2018-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள நேவார்க்குக்கான சேவையை மீண்டும் தொடங்கியபோது பறக்கும் தூரமாகச் சொன்னது சுமார் 16,700 கி.மீ. மாக் 0.85 (ஒலியின் வேகத்தில் 85 சதவீதம்) என்றால் அந்த உயரத்தில் மணிக்கு சுமார் 900 கி.மீ.; காற்றே இல்லாவிட்டால் பதினெட்டரை மணி நேரம். பின்காற்று சராசரி 40 கி.மீ. கிடைத்தாலே முக்கால் மணி நேரம் குறையும். டிக்கெட்டில் இருப்பதோ கேட் முதல் கேட் வரை: ரன்வேக்கு ஓடும் நேரமும் அதில் அடக்கம். ஜேஎஃப்கேயில் மாலை வரிசை நீண்டால் அதுவே அரை மணியைத் தின்றுவிடும்.

2 நவம்பர்

இன்று அதிகாலை 2 மணிக்கு, கோடைகால நேரம் முடிந்து, நியூயார்க் கடிகாரங்கள் 1-க்குப் பின்வாங்கின. நேற்றுவரை 12 மணி நேர வித்தியாசம், இனி 13. சாங்கியில் நேற்றிரவு 11.30-க்குக் கிளம்பி 18½ மணி நேரம் பறக்கும் விமானம் என்று வைத்துக்கொள்வோம்: இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6, நியூயார்க்கில் காலை 5. பழைய 12-ஐக் கழித்தவர் 6 மணிக்குத்தான் அழைத்துப்போக வருவார்.

விமானங்களின் குளிர்கால அட்டவணை போன வாரமே, அக்டோபர் 26-இல் தொடங்கிவிட்டது. நடுவிலுள்ள அந்த ஒரு வாரம்தான் குழப்பமே. மார்ச்சில் இந்த இடைவெளி, ஆண்டைப் பொறுத்து, இரண்டு அல்லது மூன்று வாரம்.

4 நவம்பர்

எரிபொருள். இந்தத் தடத்தில் பறக்கும், மிக நெடுந்தூரத்துக்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தின் கொள்ளளவு 1,65,000 லிட்டர், அதாவது சுமார் 130 டன். விமானம் மேலெழும்பும் உச்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான். இருக்கைகள் 161 மட்டும், எகானமி வகுப்பே கிடையாது.

சிங்கப்பூரில் நிரப்புவது ஜெட் ஏ-1 என்ற எண்ணெய் வகை, உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் நிரப்புவது பெரும்பாலும் ஜெட் ஏ, மைனஸ் 40. அதனால் திரும்பும் விமானம் வடக்கே அதிகம் ஏறினால் டேங்க் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே வரவேண்டும். எண்ணெய் குளிர்ந்து உறைநிலைக்கு மூன்று பாகை மேலே வரை வந்துவிட்டால் விமானம் கீழே இறங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டுமே எண்ணெயைக் குடிக்கும்.

சென்னையிலிருந்து சாங்கி வழியாகப் போய், ஜேஎஃப்கேயில் உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு: பெட்டி கடைசி ஊர் வரை டேக் ஆகியிருந்தாலும் அங்கே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இணைப்பை எடுக்காதீர்கள்.