ஸ்விஃப்ட் ஸ்ப்ரிங்கில் கிரைண்டர் வைப்பதற்கு முன்னால்

காட்பாடி பக்கம் பசங்க வண்டிகளைப் பார்த்தால் முன்பக்கம் தரையை உரசுகிறது. காயில் ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிந்துவிட்டு "டிராக் செட்டப்ணா" என்கிறார்கள், அதாவது நேர்கோட்டில் ஓடுகிற டிராக் ரேஸுக்கான ஏற்பாடு. உயரம் குறைவது ஓரளவு லாபம்தான், ஆனால் வெட்டின ஸ்ப்ரிங் தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது, கொஞ்சம் அமுங்கினாலே பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் இடியைத் தாங்குகிற ரப்பர் கட்டை) போய் இடிக்கும்.

டிராக் ரேஸின் 402 மீட்டர் (கால் மைல்) ஓட்டத்தில் முக்கால்வாசி விஷயம் கிளட்சை விடுகிற அந்த நேரத்தில்தான். பாரம் பின்னால் போகிறது, ஸ்விஃப்ட்டிலோ இழுக்கிற சக்கரம் முன்னால். ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடை, சுமார் 2,430 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள தூரம்), 0.4 ஜி முடுக்கம் என்று வைத்தால் சுமார் 80 கிலோ முன்டயரை விட்டுப் போய்விடும். எந்த ஸ்ப்ரிங் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. பின் ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்கி, முன் ஸ்ட்ரட்டில் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) ரீபவுண்டை, அதாவது அமுங்கினது திரும்ப நீளும்போது தடுக்கிற பிடியை, கூட்டினால் மூக்கு தூக்காது, டோவும் கேம்பரும் (சக்கரம் நிற்கிற கோணங்கள்) கலையாது, அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு ஸ்ப்ரிங்குக்கு இல்லை, லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கையின் ரப்பர்) என்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டுக்கும்தான். நம்ம ஊர் குழியில் ஓடின வண்டியில் அந்த ரப்பர் எல்லாம் பிய்ந்து கிடக்கும், மவுண்ட் போனால் டயர் பிடிக்காமல் தடதடவென்று துள்ளும், அதற்கு மேல் என்ன மாட்டினாலும் வீண்.

வீட்டிலேயே செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். ஸ்ட்ரட்டின் மேல் நட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன் ஸ்ப்ரிங் கம்ப்ரசரை (ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி) இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி ஸ்ப்ரிங்கை அடக்கியாக வேண்டும், இல்லையென்றால் அது முகத்துக்கு வரும். அப்புறம், பலரும் விடுவது: ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி அந்தரத்தில் நிற்கும்போது முழுசாக இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. முடித்ததும் அலைன்மெண்ட் கட்டாயம். சித்திரை வெயிலில் மட்டும் பகலில் ஆரம்பிக்காதீர்கள், வேலூர் தரையில் முதுகு வெந்துவிடும்.

ஓட்டிப் பார்க்க பைபாஸ் வேண்டாம், ரோட்டில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தில் குற்றம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் சர்க்யூட் நம்ம சென்னை நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது.

மாமாவிடம் ஒரு பழைய கான்டெஸா கார் நிற்கிறது. பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்ப்ரிங் (பட்டைப் பட்டையாக அடுக்கின ஸ்ப்ரிங்), அதனால் மேலே சொன்னதில் பாதி அவருக்குத் தலைகீழ்: முன்பக்கம் லேசாகத் தூக்கட்டும், ஆனால் லீஃப் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க டிராக்‌ஷன் பார் (அச்சைத் திருகவிடாமல் பிடிக்கிற இரும்புத் தண்டு) வேண்டும். அதை எந்தப் பட்டறையில் வெல்டிங் வைப்பது என்று இன்னும் அவருக்கும் எனக்கும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.