பாசியோடு பட்ட பாடு

தார்சாவில் கிழக்குச் சன்னலை ஒட்டித் தொட்டியை வைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு இறாலும் குன்றிமணி மாதிரி சிவந்து தெரியும். அந்த அழகுக்கு ஆசைப்பட்டு வைத்தேன். பாளையங்கோட்டை வெயில் அழகை மட்டுமா கொண்டுவரும்?

பெரிய தொட்டி இல்லை. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மண்ணும் கட்டையும் போக 35 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு எல்இடி விளக்கு, ஜாவா பாசி என்கிற அழகுச் செடியை நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டை, அவ்வளவுதான். செர்ரி இறால் பதினைந்து, சென்னை கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தன. பையைப் பிரிக்கும்போது அம்மா எட்டிப் பார்த்தாள். "கூனியைப் போயி காசு குடுத்து வாங்கி வளக்கியாக்கும்?"

முதல் மாதம் கண்ணாடி முழுக்கத் தவிட்டு நிறத்தில் ஒரு படலம். டயட்டம் என்பார்கள். புதுத் தொட்டிகளில் வழக்கமாக வருவது, விரல் பட்டாலே கழன்றுவிடும். சில வாரங்களில் தானாகப் போனது. நானோ இறால்கள் தின்று தீர்த்ததாக நம்பிக்கொண்டேன். அந்த நம்பிக்கையில் அடுத்து வந்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

அடுத்து வந்தது நூல் பாசி. பிப்ரவரிக் கடைசியில் ஜாவா பாசியின் நுனியில் நாலு பச்சை மயிர் போலத் தெரிந்தது, மார்ச் பாதியில் கட்டையையே மூடிவிட்டது. பாசி தின்னும் என்று சொல்லித்தான் இறாலை விற்கிறார்கள். அது பாதி உண்மை. கண்ணாடியிலும் இலையிலும் படியும் மெல்லிய வழவழப்பைத்தான் அவை நாள் முழுக்கக் கொறிக்கின்றன. விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட நூலை மேலே மேலே தடவிவிட்டுப் போய்விடும். லீவுக்கு வந்திருந்த அக்கா மகனிடம் பிடுங்கச் சொன்னேன். "எந்தப் பாசிய மாமா?" என்றான். நியாயமான கேள்விதான். காசு கொடுத்துக் கட்டியதும் பாசி, ஓசியில் வந்து அதன்மேல் ஏறியதும் பாசி.

பொறுமை இல்லாமல் ஒரு கடையில் பாசிக்கு மருந்து கேட்டேன். நீல நிறத்தில் சின்ன பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "இறாலுக்கு ஒண்ணும் செய்யாது சார்" என்றார்கள். சொன்ன அளவில் பாதிதான் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் எல்லா இறாலும் வெறி பிடித்தது போல மேலும் கீழும் நீந்தின. சும்மா இருக்கும் இறால் அப்படி ஓடாது. தின்னும், நகரும், தின்னும். அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன்: காப்பர் சல்ஃபேட். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குத் தாமிரம் விஷம் என்று தோன்றவே இல்லை. நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல இறாலின் ரத்தத்தில் செம்பு உண்டு. ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினால் அதற்குத் தாங்காது.

வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொண்டு பாதியை மாற்றினேன். ஒரு துணிப் பையில் கரி கட்டிப் போட்டேன், ஃபில்டருக்கான ஆக்டிவேட்டட் கார்பன்தான், அடுப்புக்கரி இல்லை. காலையில் ஆறு போயிருந்தன. உரித்துப்போட்ட சட்டை என்றால் கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும். இவை வேகவைத்ததுபோல வெளிறிய ரோஸ் நிறத்தில் கிடந்தன. அன்றிலிருந்து அம்மா செம்புக்குடத்தில் ஊற்றி வைக்கும் தண்ணீரைக்கூட நான் தொட்டிக்கு எடுப்பதில்லை.

பிறகு இருட்டு வைத்தியம் பார்த்தேன். மூன்று நாள் வெளிச்சமே படாமல் மூடி வைக்க வேண்டும். முதலில் பத்தமடைப் பாயைச் சுற்றினேன், கோரை இடுக்கெல்லாம் வெளிச்சம். அதன்மேல் கறுப்புக் கம்பளி போட்டேன். காற்று மோட்டாரை மட்டும் நிறுத்தவில்லை, சாகிற பாசி அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். நாலாம் நாள் திறந்தால் நூல் பாசி கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீரே பச்சையாகிப் போன தொட்டிக்கு இது நன்றாகக் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை.

கடைசியில் கையால் எடுப்பதுதான் கேட்டது. பழைய பல் பிரஷை நூலுக்குள் விட்டுச் சேமியாவைச் சுருட்டுவதுபோல மெதுவாகத் திருகினால் கொத்தோடு வரும். வந்ததை அப்படியே வீசிவிடக் கூடாது. முதல் தடவை ஒரு கொத்தை வெள்ளைக் கும்பாவில் தண்ணீர் விட்டு அலசினேன். தூசி என்று நினைத்த ஒன்று துள்ளியது. எள்ளைவிடச் சிறிய குஞ்சு, கண் இரண்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. அந்த ஒரு கொத்தில் மட்டும் ஏழு இருந்தன. அதற்கு முந்தின வாரங்களில் அலசாமல் எத்தனை கொத்தைப் புறவாசலில் வீசினேனோ.

கட்டையின் ஓர் ஓரத்தில் கறுந்தாடிப் பாசியும் பிடித்திருந்தது. கறுப்பாக, குட்டையாக, பிடுங்கினால் வராது. அதற்கு மெடிக்கல் கடையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு வாங்கினேன். பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருந்தது, அதாவது 6 சதவீதம். மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் கணக்கு 3 சதவீதத்துக்கானது. அதைப் பார்க்காமல் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். நான் தொட்டிக்குள் ஊற்றவே இல்லை, ஒரு முறை சூடுபட்டவன். கட்டையை வெளியே எடுத்து, ஜாவா பாசி இல்லாத பக்கமாகப் பார்த்து, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஐந்து நிமிடம் கழித்து நன்றாக அலசித் திரும்ப வைத்தேன். இரண்டு நாளில் கறுப்பு செந்நிறமானது. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத இறால்கள் செத்ததும் வந்து மொய்த்துத் தின்றன.

இவ்வளவும் செய்து, தொட்டியை உள்சுவர்ப் பக்கம் தள்ளி, விளக்கையும் ஆறு மணி நேரமாகக் குறைத்த பிறகும் பாசி வந்துகொண்டே இருந்தது. விளக்குக்கு டைமர் போட்டிருந்தேன், முள் சுற்றுகிற மலிவு டைமர். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். நாலு தடவை கரண்ட் போனதில் நடு ராத்திரியில் தொட்டி ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அதைச் சரி செய்தேன். அப்போதும் வந்தது.

மிஞ்சின தீனி அழுகித் தண்ணீரில் சேரும் நைட்ரேட்தான் பாசிக்கு உரம். அதைப் பார்க்கும் பட்டையை முக்கினால் நிறம் உச்சத்துக்குப் போனது. நான் போடும் தீனியோ ஒரு சிட்டிகை. ஒருநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தபோது விஷயம் தெரிந்தது. அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து, கையில் இருந்த சோற்றை நாலு பருக்கை தொட்டிக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தாள். "பாபநாசத்துல மீனுக்குப் பொரி போடலையா? பாவம், வாயில்லாச் சீவன்" என்றாள். விசாரித்தால் அக்கா மகனும் தன் பங்குக்கு, பார்க்கும்போதெல்லாம் இரண்டு குருணை போட்டுவந்திருக்கிறான். ஆக மொத்தம் மூன்று பேர் சோறு போட்டு வளர்த்தது பாசியைத்தான். ஆற்றில் அமலைச்செடி மண்டிக் கிடப்பதைப் பார்த்துக் கரித்துக்கொட்டுகிறோமே, ஊர்ச் சாக்கடை அதற்குப் போடும் சோறும் இதே கணக்குதான்.

தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள். சில வாரம் அதுவும் இல்லை, புறவாசல் முருங்கையிலிருந்து ஒரு கொத்து, வெந்நீரில் போட்டெடுத்து. சந்தைக் கீரை வேண்டாம், பூச்சிமருந்து இறாலையும் சேர்த்துக் கொன்றுவிடும். மிச்சத்தை மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். மேலே மிதக்கிற குட்டை ஆகாயத்தாமரையும் கொஞ்சம் விட்டேன். தண்ணீரில் இருக்கும் சத்தைப் பாசிக்கு முன்னால் அது உறிஞ்சிக்கொள்ளும், நிழலும் தரும். பாளையங்கால்வாயில் எடுத்ததைத் தனி வாளியில் இரண்டு வாரம் போட்டு வைத்த பிறகே உள்ளே விட்டேன். வாளியிலேயே ஒரு தும்பிப் புழு அகப்பட்டது. தொட்டிக்குள் போயிருந்தால் குஞ்சு ஒன்று மிஞ்சியிருக்காது.

மே மாதத்துக் கதை வேறு. தண்ணீர் 32 டிகிரி. இந்த இறாலுக்கு 26-க்குள் இருந்தால் சுகம். சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மட்டத்தில் வீசும்படி வைத்ததில் 29-க்கு இறங்கியது. ஆனால் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகும். அதை போர் தண்ணீரால் நிரப்பினேன், அதுவும் தப்பு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும், மேலே மேலே போர் தண்ணீரின் உப்பும் சேரும். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 210 இருந்தது மூன்று வாரத்தில் 540. சட்டை உரிக்க முடியாமல் இரண்டு இறால் பாதியில் செத்தன. இப்போது ஆவியாகிற அளவுக்கு வீட்டு ஆர்ஓ தண்ணீர். வாரம் ஒருமுறை நாலு லிட்டர் மட்டும் எடுத்துவிட்டு, ஒருநாள் திறந்துவைத்துக் குளோரின் போன குழாயின் நல்ல தண்ணீர். பாதித் தண்ணீரை மாற்றும் வீராப்பு எல்லாம் போச்சு.

ஆகஸ்டில் நூல் பாசி நின்றது. ஒரே நாளில் இல்லை. கும்பாவில் அலச ஒன்றும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது, அவ்வளவுதான். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுகிறேன். பின்பக்கத்தைத் தொடுவதில்லை. அது வெல்வெட் மாதிரி பச்சையாக இருக்கிறது, குஞ்சுகள் நாள் முழுக்க அங்கேதான் மேய்கின்றன. நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

போன வாரம் வந்திருந்த சித்தி தொட்டியைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இம்புட்டுப் பாசி கெடக்கே, கழுவுறதே இல்லையா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது. "அதத் தொடப்படாதாம். அதுகளுக்குச் சாப்பாடாம். நாம சோறு போட்டாத்தான் குத்தம்."